மூன்றடுக்கு சாக்லேட் சீஸ்கேக்: என் வீட்டில் நடந்த தவறுகள், உங்கள் வீட்டில் தவிர்க்க வேண்டியவை

முதல் தடவை செய்தது ஒரு மே மாதம். மகனுக்குப் பிறந்தநாள், கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், நிறைந்திருந்தது. டின்னின் பக்கவளையத்தைக் கழற்றினேன். கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று மூன்று வரிகளாக நிற்க வேண்டியது அப்படியே சரிந்து வட்டல் முழுக்கப் பரவி, ஓரத்தில் வழிய ஆரம்பித்தது. அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) எட்டிப் பார்த்துவிட்டு, "பாயாசம் நல்லாத்தான் இருக்குது கண்ணு, இதப் போயி எதுக்குக் கேக்குங்கறே?" என்றார். எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தோம். குடித்தார்கள்.

அன்று ராத்திரி எது தப்பு என்று யோசித்தால், ஒன்றல்ல, நாலு தப்பு. அதன்பிறகு இருபது தடவையாவது செய்திருப்பேன். மற்ற தவறுகளையும் அந்த வழியில் ஒவ்வொன்றாகச் செய்து முடித்துவிட்டேன்.

முதலில் ஒன்று. பெயரில் கேக் இருந்தாலும் இது கேக் குடும்பம் இல்லை. பேக்கிங் பவுடர் இல்லை, பொங்கி எழுகிற வேலையும் இல்லை. இது உறைய வைக்கிற சமாச்சாரம், தயிருக்குத்தான் நெருங்கிய சொந்தம். பாலைச் சரியான சூட்டில் பிடித்து, உறை ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் வைக்கிறோம் இல்லையா, அதே கைப்பக்குவம்தான் வேண்டும். முட்டை சேர்த்து ஓவனில் சுடுகிற வகையும் உண்டு. எங்கள் வீட்டில் அம்மிச்சி முட்டை தொட மாட்டார் என்பதால் ஃபிரிட்ஜில் உறைகிற வகையைத்தான் அதிகம் செய்கிறேன். இங்கே சொல்வதும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

8 அங்குல டின்னுக்கு என் அளவு இது: பிஸ்கட் 200 கிராம், வெண்ணெய் 90 கிராம், கிரீம் சீஸ் 450 கிராம், பொடித்த சர்க்கரை 60 கிராம், விப்பிங் கிரீம் 300 மில்லி. சாக்லேட்டில் டார்க் 120, மில்க் 130, வெள்ளை 150 கிராம்.

கடையிலேயே ஆரம்பிக்கிற தவறு

கிரீம் சீஸ் என்று கேட்டால், சின்ன ஊர்க் கடைகளில் சீஸ் ஸ்பிரெட் டப்பாவை எடுத்து நீட்டிவிடுவார்கள். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று எனக்கும் ஒரு கடையில் சொன்னார்கள், நானும் நம்பி வாங்கி வந்தேன். ஒன்று இல்லை. ஸ்பிரெட் என்பது பதப்படுத்திய, உப்புச் சேர்த்த சீஸ். சாக்லேட்டோடு சேர்ந்தால் நாக்கில் உப்புதான் முதலில் நிற்கும். டப்பாவில் கிரீம் சீஸ் என்ற இரண்டு சொற்களும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோவை, ஈரோடு, திருப்பூர் பேக்கரிப் பொருள் கடைகளில் 1 கிலோ பொட்டலமாகக் கிடைக்கும். நம்ம ஊர் நிறுவனங்களே நன்றாகப் போடுகின்றன, வெளிநாட்டுப் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

செலவைக் குறைக்கப் பாதி அளவு கட்டித்தயிர் போடலாம். 1 லிட்டர் தயிரைத் துணியில் கட்டி வடித்தால் 350 முதல் 400 கிராம் வரை தேறும். எருமைப்பால் தயிராக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் துணி மூட்டையைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். சித்திரை மாதத்தில் விடிவதற்குள் புளித்துவிடும். சல்லடை மேல் வைத்து, அடியில் ஒரு போசி கொடுத்து, ஃபிரிட்ஜுக்குள்ளேயே வடியவிடுங்கள். முழுக்கத் தயிரிலேயே செய்து முடிக்க நினைத்தால் சாக்லேட் ஸ்ரீகண்டு என்கிற தயிர் இனிப்புதான் வரும். பனீரை மிக்ஸியில் அரைத்துப் போடுகிற யோசனையும் உலவுகிறது. எவ்வளவு அரைத்தாலும் நறநறப்பு போகாது, எனக்குப் பிடிக்கவில்லை.

கிரீம் சீஸை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் அடித்தால் கட்டி கட்டியாக நிற்கும். பிறகு கிரீம் சேர்த்துவிட்டால் அந்தக் கட்டிகளை யாராலும் கரைக்க முடியாது. வெயில் காலத்தில் அரை மணி நேரம், மார்கழியில் ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும். முதலில் சீஸையும் சர்க்கரையையும் மட்டும் போட்டு, வழுவழுவென்று ஆகும்வரை அடியுங்கள்.

கிரீம்: என் பாயாசத்துக்கு முதல் காரணம்

அந்தப் பிறந்தநாளில் நான் போட்டது சாதாரண ஃபிரெஷ் கிரீம். அதில் கொழுப்பு சுமார் 25 சதவீதம். அதை விடிய விடிய அடித்தாலும் நுரைத்து நிற்காது. நிற்க வேண்டுமானால் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும், 35 இருந்தால் கவலையே இல்லை. பனீர் பட்டர் மசாலாவுக்கு வாங்கி வைத்ததை இதில் ஊற்றியது முழுக்க என் சோம்பேறித்தனம்.

பேக்கரிக் கடைகளில் உறைந்த நிலையில் விற்கிற தாவரக் கொழுப்பு விப்பிங் கிரீமும் உண்டு. அது எளிதில் நிற்கும், வெயிலையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தே வரும். அதையும் போட்டு, அளவுச் சர்க்கரையையும் போட்டு, மேலே வெள்ளைச் சாக்லேட்டும் போட்டால் இரண்டாவது வாயில் திகட்டிவிடும். அந்தக் கிரீம் வாங்கினால் சர்க்கரையைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுங்கள்.

கிரீம் சில்லென்று இருக்க வேண்டும். பாத்திரத்தையும் பீட்டர் கம்பிகளையும் கால் மணி நேரம் ஃபிரீசரில் வைத்து எடுங்கள். அடிக்கும்போது கம்பி போன தடம் அழியாமல் நின்றால் போதும், தூக்கினால் நுனி லேசாக வளைய வேண்டும். அதற்கு மேல் அடித்தால் திரியும், இன்னும் அடித்தால் வெண்ணெய் திரளும். ஊத்துக்குளி பக்கத்தில் இருக்கும்போது வெண்ணெய்க்காக நாம் இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா?

சாக்லேட்டும் சூடும்

சாக்லேட் பட்டை வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் என்றிருந்தால் அசல் சாக்லேட். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்றிருந்தால் அது காம்பவுண்ட். காம்பவுண்டிலும் செய்யலாம், நன்றாகவே இறுகும், விலையும் குறைவு. ஆனால் வாயில் போட்டால் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். அசல் சாக்லேட் கரைகிறதென்றால் காரணம் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகுவதுதான். நம் உடம்புச் சூடு 37. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ போடுகிறார்கள். அந்தக் காயிலிருந்தே செய்கிற சாக்லேட்டும் இப்போது கடைக்கு வருகிறது. ஒரு அடுக்குக்காவது அதைப் போட்டுப் பாருங்கள்.

அந்த 34 டிகிரிதான் நம் ஊருக்குப் பிரச்சினையும். ஈரோட்டில் கோடையில் 40 தாண்டுகிறது. சாக்லேட் உறைய வேண்டிய சூட்டைவிடச் சமையலறை சூடாக இருக்கிறது. அதனால் இந்த வேலையைக் காலை 6 மணிக்கோ, ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் 2 மணிக்கு, பக்கத்து அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்கச் செய்வதற்கு இது சரிப்படாது.

உருக்கும்போது வரும் தவறு தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்து உருக்குகிறோம். கீழே இருக்கிற போசியைவிடக் கிண்ணம் சின்னதாக இருந்தால் ஆவி மேலே வந்து கிண்ணத்துக்குள் இறங்கும். ஒரு சொட்டு போதும். பளபளவென்று வழிந்துகொண்டிருந்த சாக்லேட் ஒரே நொடியில் ஈரமண் மாதிரி உருண்டு கரகரவென்று ஆகிவிடும். கரண்டியில் ஈரம் இருந்தாலும் இதே கதி. கிண்ணம் போசியின் வாயை முழுக்க மூட வேண்டும், அடி தண்ணீரைத் தொடக்கூடாது, தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அப்படியும் இறுகிவிட்டால் தூக்கி எறியாதீர்கள். சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கினால் தளர்ந்து மறுபடி பளபளப்புக்கு வரும். அதைப் பிள்ளைகள் ரொட்டிக்குத் தடவிக்கொள்ளலாம்.

உருகிய சாக்லேட்டை எந்தச் சூட்டில் சீஸில் சேர்ப்பது? இங்கேதான் தயிர்க் கணக்கு உதவுகிறது. பாலுக்கு உறை ஊற்றும்போது விரல் விட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடு. அதைவிடச் சூடாக ஊற்றினால் கலவை இளகி, அடித்த கிரீமின் காற்றெல்லாம் போய்விடும். ஆறிப்போனதை ஊற்றினால் சீஸில் பட்டதும் மணல்போல் பொடிப்பொடியாக உறைந்து நிற்கும். முதலில் இரண்டு கரண்டி சீஸைச் சாக்லேட்டில் போட்டுக் கலக்கி, பிறகு அதைச் சீஸோடு சேருங்கள். கிரீமைக் கடைசியில் போட்டு, கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்குங்கள். இங்கே பீட்டருக்கு வேலை இல்லை.

அடுக்கு

என் இரண்டாவது பெரிய தப்பு, அழகுக்காக வெள்ளையை அடியில் போட்டது. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோப் பொடிச்சத்து கிடையாது. கோகோ வெண்ணெய், பால், சர்க்கரை அவ்வளவுதான். அதனால் மூன்றில் இதுதான் இளகலாக உறையும். டார்க் நன்றாக இறுகும். இளகலானது அடியிலும் கனமானது மேலேயும் இருந்தால், வெட்டும்போது வெள்ளை பிதுங்கிக்கொண்டு வரும். கீழே டார்க், நடுவில் மில்க், மேலே வெள்ளை என்பதே சரியான வரிசை. வெள்ளைச் சாக்லேட்டின் அளவை நான் கூட்டி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

வெள்ளை அடுக்கு இறுகி நிற்பதற்காக அதற்கு மட்டும், ஜெலட்டினுக்குப் பதிலாக, நான் சைனா கிராஸ் சேர்க்கிறேன். ஜெலட்டின் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவம் சாப்பிடுகிற பெரியவர்கள் இருக்கிற வீட்டில், சொல்லாமல் அதைப் போடுவது நியாயமில்லை. சைனா கிராஸ் கடற்பாசி. ஆனால் ஜெலட்டின் மாதிரி வெதுவெதுப்பில் கரையாது, கொதிக்க வேண்டும். கரைந்த பிறகு 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததுமே உறையத் தொடங்கிவிடும். குளிர்ந்த சீஸில் நேரே ஊற்றினால் சேமியா மாதிரி இழை இழையாக நிற்கும். நான் ஒரு தடவை அப்படி வடிகட்டிப் பொறுக்கியிருக்கிறேன். இப்போது செய்வது இது: 60 மில்லி பாலில் அரை டீஸ்பூன் சைனா கிராஸ் பொடியைப் போட்டு 2 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தச் சூட்டோடு பொடியாக நறுக்கிய வெள்ளைச் சாக்லேட் மேல் ஊற்றிக் கலக்குகிறேன். சாக்லேட்டும் உருகிவிடுகிறது, பாசியும் பரவிவிடுகிறது. சூடு முழுக்க இறங்குவதற்குள், அறை வெப்பத்தில் இருக்கிற சீஸோடு கலந்துவிட வேண்டும்.

மூன்று அடுக்கையும் ஒரேயடியாகக் கலந்து வைக்காதீர்கள். முதல் அடுக்கு உறைவதற்குள் மற்ற இரண்டும் கிண்ணத்திலேயே இறுகிவிடும். சீஸும் சர்க்கரையும் அடித்த கலவையைத் தராசில் நிறுத்து மூன்றாகப் பிரித்து வெளியே வையுங்கள். அடித்த கிரீம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். அதனதன் முறை வரும்போது அந்தந்தச் சாக்லேட்டை உருக்கினால் போதும். கண்ணளவில் பிரித்தால் நடு அடுக்கு எப்போதும் ஒல்லியாகப் போகிறது, ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு அடுக்கு ஊற்றியதும் ஃபிரீசரில் 20 நிமிடம். விரலால் லேசாகத் தொட்டால் ஒட்டக்கூடாது, அழுத்தினால் குழி விழ வேண்டும், அதுதான் பதம். கல்லாக இறுகிவிட்டால் அடுத்தது அதன் மேல் ஒட்டாது, வெட்டும்போது தட்டுத் தட்டாகக் கழன்று வரும். மேலே நீர் முத்து கோத்திருந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்த கலவையைக் கரண்டியின் முதுகில் விட்டு மெதுவாக இறக்குங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் கீழ் அடுக்கில் பள்ளம் விழும்.

அடித்தளம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பிஸ்கட்டில் பாதி எடைக்குச் சற்றுக் குறைவாக வெண்ணெய். கூடிவிட்டால் கத்தி இறங்காது, குறைந்தால் மணலாக உதிரும். வீட்டு வெண்ணெயோ ஊத்துக்குளி வெண்ணெயோ போட்டால் அதில் மோர்த்தண்ணீர் இருக்கும். உருக்கித் தெளியவிட்டு மேலாக எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிஸ்கட் நமத்துவிடும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை சேர்க்க ஆசையிருந்தால் இந்த அடித்தளத்தில் ஒரு ஸ்பூன் சேருங்கள், அருமையாக இருக்கும். சீஸில் போட்டால் வெள்ளை அடுக்கு சாணி நிறத்துக்கு வந்துவிடும்.

ஃபிரிட்ஜ்

குறைந்தது 8 மணி நேரம், ஒரு ராத்திரி முழுக்க இருந்தால் நல்லது. நான் முதல் தடவை கொடுத்தது 3 மணி நேரம். அதில் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலுக்காக எத்தனை தடவை கதவைத் திறந்தார்களோ!

இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். முந்தின நாளே அறிவிப்பைப் பார்க்காமல் சீஸ்கேக்கில் கை வைக்காதீர்கள். இதைச் சொல்கிற எந்தச் சமையல் குறிப்பையும் நான் பார்த்ததில்லை.

கொழுப்பு நிறைந்த பண்டம் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். புளித்த இட்லி மாவும் உரித்த சின்ன வெங்காயமும் இருக்கிற தட்டில் திறந்து வைத்தால், மறுநாள் சாக்லேட் சீஸ்கேக்கில் சாம்பார் ஞாபகம் வரும். நன்றாகக் குளிர்ந்த பிறகு மூடுங்கள். சூடு இருக்கும்போதே மூடினால் மூடியில் நீர் கோத்து மேலே சொட்டும்.

ஓவனில் சுடுகிற வகை செய்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. முட்டை சேர்த்த பிறகு அதிகம் அடிக்காதீர்கள், உள்ளே போன காற்றுதான் மேலே வெடிப்பாக வருகிறது. 150, 160 டிகிரியில் சுட்டு, நடுப்பகுதி இன்னும் லேசாக ஆடும்போதே அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து உள்ளேயே ஆறவிடுங்கள். முழுக்க இறுகட்டும் என்று காத்திருந்தால் அது வறண்டுவிடும்.

எடுக்கும்போது வெந்நீரில் பிழிந்த துணியை வளையத்தைச் சுற்றி அரை நிமிடம் பிடித்துவிட்டுத் திறந்தால் பக்கம் சுத்தமாக வரும். கத்தியைக் கொதிநீரில் முக்கி, துடைத்து, வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி முக்கித் துடைக்க வேண்டும். துடைக்காமல் வெட்டினால் டார்க் சாக்லேட் வெள்ளை அடுக்கில் கோடாக இழுபடும், மூன்று மணி நேரம் நின்று செய்த வேலை அந்த ஒரு இழுப்பில் கெட்டுப்போகும். வெட்டினதை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். திருப்பூரில் நங்கை வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் நான் வெட்டாமல், டின்னோடு ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போகிறேன்.

இப்போதெல்லாம் என் சீஸ்கேக் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அம்மிச்சிக்கு இன்னும் அந்த முதல் நாள் பாயாசம்தான் ஒசத்தி. அதனால் டின்னில் ஊற்றுவதற்கு முன்னால் மூன்று கலவையிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து, கொஞ்சம் பால் விட்டு, அவருக்கு ஒரு டம்ளர் தனியாக வைத்துவிடுகிறேன்.