பாய்க்கடை ஆர்டருக்குப் பைத்தானில் மின்னஞ்சல்

பத்தமடைக் கோரைப்பாயை இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடைக்கு, ஆர்டர் வந்ததும் ரசீது அனுப்பவும் வாடிக்கையாளரின் பதிலை எடுத்துப் படிக்கவும் ஒரு நிரல் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தை உருவாக்க ஈமெயில் (email), அனுப்ப எஸ்எம்டிபிலிப் (smtplib), பெற ஐமேப்லிப் (imaplib) ஆகிய மூன்று நூலகங்களும் பைத்தான் நிரல்மொழியுடனேயே வருவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

கடிதத்தை வரிவரியாக ஒட்டி நீங்களே கட்டாதீர்கள். ஈமெயில் நூலகத்தின் ஈமெயில்மெசேஜ் (EmailMessage) என்ற நிரல்பொருளை உருவாக்கி, அனுப்புநர், பெறுநர், பொருள்வரி, உள்ளடக்கம் ஆகியவற்றை அதனிடம் ஒப்படையுங்கள். ‘பத்தமடைப் பாய்’ என்னும் பொருள்வரி கண்ணுக்கு எட்டெழுத்துதான். ஆனால் இடைவெளியையும் சேர்த்தால் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் அது 40 பைட் ஆகிறது. ஆஸ்கி எழுத்துக்கென்றே (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) முதலில் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் தலைப்பில் (அனுப்புநர், பொருள்வரி போன்ற முன்வரிகளில்) செல்வதற்காக, நூலகம் அதை, எந்தப் பைட்டையும் ஆஸ்கி எழுத்தாக்கும் பேஸ்64 முறையில் 56 எழுத்துகளாக மாற்றி, முன்னும் பின்னும் உரிய அடையாளங்களையும் சேர்த்துவிடும். வாடிக்கையாளர் பெயர்க்கட்டத்தில் யாரேனும் வரிமுறிவைச் செருகிக் கள்ளத் தலைப்பு சேர்க்க முயன்றால், ஈமெயில்மெசேஜ் அதை ஏற்காமல் பிழை எழுப்பும். இந்த ஒரு காரணமே போதும் என்பேன். கடிதத்தோடு இணைக்கும் கோப்புகளும் பேஸ்64 ஆவதால் ரசீதுக் கோப்பின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும்.

அனுப்பும்போது அஞ்சல் சேவையகத்தின் 587ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) இணைந்து, எஸ்எஸ்எல் நூலகத்தின் இயல்பான பாதுகாப்பு அமைப்பைக் (create_default_context) கொடுத்து, இணைப்பை மறையாக்கும் ஸ்டார்ட்-டிஎல்எஸ்ஸை இயக்கிய பின்னரே உள்நுழையுங்கள். அப்போதுதான் சேவையகத்தின் சான்றிதழ் சரிபார்க்கப்படும். ஜிமெயிலானால் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லைப் பெற்று, நிரலில் எழுதாமல், நிரலுக்கு வெளியே இயங்குதளம் வைத்திருக்கும் சூழல் மாறியில் (environment variable) வையுங்கள். காத்திருப்பு நேர வரம்பையும் குறிப்பிடுங்கள்.

பிழையின்றி அனுப்பிவிட்டதாலேயே கடிதம் சேர்ந்துவிட்டது என்று கொள்ள முடியாது. சேவையகம் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். முகவரி தவறானால் திரும்பிவரும் அறிவிப்பு உங்கள் அஞ்சல்பெட்டிக்கே வரும் என்பதால், பெறும் பகுதியையும் கவனமாக எழுத வேண்டும்.

அதற்கு 993ஆம் போர்ட்டில் இணைந்து, பெட்டியைப் படிப்பதற்கு மட்டும் என்ற நிலையில் திறங்கள். இப்படிப்பட்ட ஒரு கடைக்கு நான் செய்த முதல் முயற்சியில் இதைச் செய்யாததால், கடைக்காரர் காலையில் பெட்டியைத் திறந்தபோது புதிய ஆர்டர்கள் யாவும் ‘படித்தவை’ ஆகிக் கிடந்தன. பாளையங்கோட்டையிலிருந்து பத்தமடை வரை போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. வந்த பைட்டுகளைப் பிரிக்கும்போது ஈமெயில் நூலகத்தின் இயல்புக் கொள்கையை (policy.default) வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் பழைய வகை நிரல்பொருள் கிடைப்பதால், தமிழ்ப் பொருள்வரி குறியீட்டு வடிவிலேயே நிற்கும். கையாண்டு முடித்த ஒவ்வொரு கடிதத்துக்கும் பெட்டியில் உள்ள தனி அடையாள எண்ணான யூஐடியையும் தரவுத்தளத்தில் குறித்துக்கொண்டால், ஒரே ஆர்டருக்கு இரண்டு பாய் அனுப்ப நேராது.