போர் தண்ணீருக்கு நுரைக்கும் சோப்பு, சித்திரை வெயிலுக்கு நிற்கும் மெழுகுவர்த்தி

வீட்டில் சோப்பும் வாசனை மெழுகுவர்த்தியும் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது யாரோ குளிர்தேசத்துக்காரர் போட்ட வீடியோவைத்தான். ஆலிவ் எண்ணெய், ஷியா வெண்ணெய், சோயா மெழுகு என்று எல்லாவற்றையும் ஆன்லைனில் வரவழைத்து, சொன்னது சொன்னபடி செய்கிறார்கள். அப்புறம் பார்த்தால் சோப்பு நம் போர் தண்ணீரில் நுரைக்காமல் பிசுபிசுக்கிறது, மெழுகுவர்த்தி ஏப்ரல் மாதத்தில் ஜாடிக்குள்ளேயே வியர்க்கிறது. அந்த ஊர்த் தண்ணீருக்கும் அந்த ஊர்க் குளிருக்கும் எழுதின செய்முறை இங்கே அப்படித்தான் நடந்துகொள்ளும். நம் மளிகைக்கடையில் கிடைக்கும் எண்ணெயை வைத்து, நம் தண்ணீரையும் வெயிலையும் மனதில் வைத்துச் செய்தால் இரண்டுமே அருமையாக வரும், செலவும் குறையும்.

சோப்பிலிருந்து தொடங்கலாம். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகிவிடும். பக்கெட் விளிம்பில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாமல் இருக்கிறதே, அதுதான். ஆலிவ், சூரியகாந்தி போன்ற எண்ணெய்களை மட்டும் வைத்துச் செய்த சோப்பு இந்தத் தண்ணீரில் நுரைக்கத் திணறும். தேங்காய் எண்ணெய் சோப்போ கடல்நீரிலேயே நுரைக்கும், கப்பலில் போகிறவர்கள் பயன்படுத்தியதே அதைத்தான். படிவம் அறவே வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நுரை வரும், அழுக்கு போகும். ஒரே சிக்கல், தேங்காய் எண்ணெய் மட்டுமே போட்டு வழக்கமான கணக்கில் செய்தால் தோலை வறட்டிவிடும். அதனால் ஒன்று, மற்ற எண்ணெய்களோடு கலக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெயைச் சோப்பாக்கும் காரமான காஸ்டிக் சோடாவை நன்றாகக் குறைத்து, எண்ணெய் மிஞ்சும்படி செய்ய வேண்டும்.

இந்த மிச்ச எண்ணெய்க்கு சூப்பர்ஃபேட் என்று பெயர். ஒவ்வொரு எண்ணெயையும் முழுதாகச் சோப்பாக்க இவ்வளவு காஸ்டிக் சோடா வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், பாமாயிலுக்கு 0.142, கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. இதில் எண்ணெயின் எடையைப் பெருக்கிக் கூட்டி, வந்ததில் 5 அல்லது 6 சதவீதம் குறைத்துக்கொண்டால் சோப்பில் கொஞ்சம் எண்ணெய் எண்ணெயாகவே தங்கித் தோலுக்கு இதமாக இருக்கும்.

500 கிராம் எண்ணெய்க்கு நான் சொல்வது இது: தேங்காய் எண்ணெய் 200 கிராம், பாமாயில் 125 (ரேஷன் கடைப் பாக்கெட்டே போதும்), கடலை எண்ணெய் 125, விளக்கெண்ணெய் 50. காஸ்டிக் சோடா 73 கிராம், தண்ணீர் 150 கிராம். விளக்கெண்ணெய் நுரையைக் கலையாமல் பிடித்து வைக்கும், ஆனால் அதற்குமேல் போட்டால் சோப்பு ஒட்டும். எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் அளவும் மாறும், கடலை எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டு அதே 73 கிராம் போட்டால் அது வேறு சோப்பு. அதே சமயம், 500 கிராமும் தேங்காய் எண்ணெயாகவே எடுத்து 73 கிராம் காஸ்டிக் போட்டால் 20 சதவீதம் எண்ணெய் மிஞ்சும். தேங்காய் எண்ணெய் மட்டும் வைத்துச் செய்வதற்கு எல்லாரும் சிபாரிசு செய்யும் அளவே அதுதான். ஆக, ரொம்பக் கடினமான தண்ணீர் உள்ள வீடுகளுக்கு இதே காஸ்டிக், இதே தண்ணீர், எண்ணெய் மட்டும் முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே எடை. தண்ணீர் உட்பட. ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்று போட்டிருக்கும். மில்லியையும் கிராமையும் ஒன்றாக நினைத்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தலைக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெயையும் எடுக்காதீர்கள், அவற்றில் பலவற்றில் மினரல் ஆயில் கலந்திருக்கும், அது எந்தக் காலத்திலும் சோப்பாகாது. சமையலுக்குப் பயன்படும் எண்ணெய்தான் வேண்டும், செக்கு எண்ணெயானாலும் சரி, ரீஃபைண்ட் ஆனாலும் சரி.

இப்போது காஸ்டிக் சோடா. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் சோப்பு வேலையில் ரொம்ப ஆபத்தானது இதுதான். வேதியியல் பெயர் சோடியம் ஹைட்ராக்சைடு. அடைப்பு நீக்க விற்கும் பொடிகளில் வேறு சரக்குகளும் கலந்திருக்கலாம், அவை வேண்டாம். 98 சதவீதத்துக்குப் பக்கத்தில் சுத்தம் என்று லேபிளில் போட்ட செதில் அல்லது மணி வடிவக் காஸ்டிக்கை வாங்குங்கள். காற்றில் உள்ள ஈரத்தை அது வேகமாக உறிஞ்சும், அதனால் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பெரிதாகப் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காலுக்குச் செருப்பு எல்லாம் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கிட்டவே வரக்கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது அடியில் 5 என்று போட்ட கெட்டிப் பிளாஸ்டிக் பாத்திரம் போதும். கண்ணாடி ஜாடியும் வேண்டாம், நாள்பட நாள்பட வலுவிழந்து ஒருநாள் விரிசல் விட்டுவிடும்.

தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கேன் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுத்துக்கொண்டு, ஜன்னலோரமாகவோ மொட்டைமாடியிலோ வைத்து, காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். அடுப்பே இல்லாமல் 80 டிகிரிக்கு மேல் சூடேறும், நெடி மூக்கில் ஏறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பால்போலக் கலங்கி, சற்று நேரத்தில் தெளியும். தோலில் பட்டால் உடனே குழாயடியில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். எலுமிச்சை, வினிகர் என்று எதையும் தோலில் ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கரைசல் 40 டிகிரி வாக்கில் ஆறியதும் எண்ணெயில் ஊற்றலாம். நம் ஊரில் எண்ணெயைச் சூடாக்க வேண்டிய அவசியம் அநேகமாக இராது, மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் மட்டும் லேசாக உருக்கிக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டி, நடுவில் கையாலும் கிளறுங்கள். எண்ணெயின் பளபளப்பு மெல்ல மறைந்து கலவை வெளிறி வரும், பிறகு தோசை மாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால் அந்தக் கோடு மேலேயே ஒரு நொடி நின்று மறையும். சோப்பு செய்பவர்கள் ட்ரேஸ் என்று சொல்லும் பதம் இதுதான். வாசனையும் நிறமும் சேர்க்க இதுவே நேரம்.

வாசனைக்கு 500 கிராம் எண்ணெய்க்கு 10 முதல் 15 கிராம், அதைத் தாண்ட வேண்டாம். நீலகிரித் தைலம், லாவெண்டர், வெட்டிவேர் எல்லாம் காஸ்டிக்கைத் தாங்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் அற்புதமான மணம், ஆனால் சிலருக்குத் தோல் அரிக்கும், 5 கிராமோடு நிறுத்துங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை இரண்டே வாரத்தில் மறைந்துவிடலாம். கிராம்பு, பட்டை எண்ணெய்களும் பல பூ வாசனைகளும் கலவையைச் சட்டென்று இறுக்கிவிடும், அச்சை முன்னாடியே தயாராக வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். மல்லிகையை ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்க முடியாது, கரைப்பான் வைத்துப் பிரித்தெடுக்கிறார்கள், அதனால் அசல் மல்லிகை விலை எட்டாத உயரம். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்லிகை எண்ணெய் செயற்கை வாசனைதான். அதில் குற்றம் ஒன்றுமில்லை, தோலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருந்தால் சரி.

நிறத்தில் மஞ்சள்தூள் ஒரு வேடிக்கை காட்டும். போட்டதும் சிவக்கும், பயப்படாதீர்கள், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரத்தால்தான். நாள் போகப்போக ஆரஞ்சாகி, பிறகு பொன்னிறத்துக்குத் திரும்பும். அரை டீஸ்பூன் தாராளம். வேப்பிலை, கற்றாழையைப் பச்சையாக அரைத்துப் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். வேப்பிலைப் பொடி ஒரு டீஸ்பூன் போதும். ரோஜா இதழை மேலே தூவினால் படத்தில் பார்க்க அழகு, சில நாளில் கறுத்து அசிங்கமாகிவிடும்.

சிலிகான் அச்சில் ஊற்றி அப்படியே விடுங்கள். வெளிநாட்டு வீடியோவில் கம்பளி போர்த்துவார்கள், சென்னை மே மாதத்தில் அது தேவையே இல்லை, உள்ளே சூடு ஏறி நடுவில் வெடிப்பு விடும். கலப்பு எண்ணெய் சோப்பை மறுநாள் வெட்டலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டதை அன்றைக்கே, வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், விட்டால் கல்லாகி உதிரும். தனித்தனிக் குழி உள்ள அச்சு இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

வெட்டிய கட்டிகளை இடைவெளி விட்டு, காற்றோட்டமான நிழலில் 4 முதல் 6 வாரம் வையுங்கள். காரம் முதல் இரண்டு மூன்று நாளிலேயே பெரும்பாலும் எண்ணெயோடு சேர்ந்து முடிந்துவிடும், மீதி நாட்கள் தண்ணீர் வற்றுவதற்கு. வாரம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள், எடை குறைவது நின்றால் சோப்பு தயார். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டியின் மேல் முத்து முத்தாக நீர் கோக்கும். சோப்பில் இயற்கையாக இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது, துடைத்துவிட்டு ஃபேன் ஓடும் அறையில் வையுங்கள். மேலே வெள்ளைப் பொடி படிந்தாலும் பிரச்சினை இல்லை. ஆனால் பள்ளங்களில் திரவம் தேங்கி நின்றாலோ, உள்ளே காஸ்டிக் துகள் வெள்ளையாகத் தெரிந்தாலோ அந்தச் சோப்பை உடம்பில் போடாதீர்கள். அக்கம்பக்கத்தில் கொடுப்பது வரை சரி, விற்பனைக்குச் செய்வதென்றால் நம் நாட்டில் அழகுசாதனப் பொருள் தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும், அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சோப்பும் மெழுகுவர்த்தியும் ஒரே ஆளின் ஆராய்ச்சியில் வந்து சந்திக்கின்றன. கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று சோப்பை ஆராய்ந்து கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரெல், 1825இல் இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளரான கே-லுசாக்கோடு சேர்ந்து அந்த அமிலங்களிலிருந்து மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை வாங்கினார். அவற்றில் ஒன்றான ஸ்டியரிக் அமிலம் இன்றைக்கும் மெழுகை இறுக்கப் பயன்படுகிறது, நமக்கும் பயன்படும்.

ஜாடியில் ஊற்றும் சோயா மெழுகு பல ரகம் 45 முதல் 50 டிகிரியில் உருகும். வெயில் 40ஐத் தாண்டும் வேலூரிலோ திருச்சியிலோ மூடிய காரில் ஒரு மணி நேரம் வைத்தால் முடிந்தது கதை. அதனால் சோயாவோடு நாலில் ஒரு பங்கு தேன்மெழுகு கலக்கிறேன், அது 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். சாதாரண மெழுகுவர்த்தி மெழுகான பாரஃபின் மட்டும் என்றால் 58 - 60 டிகிரி ரகத்தைக் கேட்டு வாங்குங்கள், கூடவே 5 சதவீதம் ஸ்டியரிக் அமிலம்.

200 மில்லி கெட்டிக் கண்ணாடி டம்ளருக்கு 150 கிராம் மெழுகு, 10 கிராம் வாசனை. மெழுகை நேராக அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரம் வைத்து உருக்கி, 75 - 80 டிகிரியில் இறக்கி வாசனையை ஊற்றி, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். சோயா கலவையை 60 டிகிரி வாக்கில் டம்ளரில் ஊற்றலாம், பாரஃபினை அது இறுகத் தொடங்கும் முன், இன்னும் சூடாக இருக்கும்போதே ஊற்றிவிடுங்கள். மெழுகுவர்த்திக்கென்று விற்கும் வாசனையைச் சோப்பில் போடாதீர்கள், தோலுக்கு ஆகுமா என்று அதில் சோதித்திருக்க மாட்டார்கள். கற்பூரத்தை நசுக்கிப் போடும் யோசனை பலருக்கு வரும். வேண்டவே வேண்டாம், தீ குபீரென்று ஏறும்.

திரி விஷயத்தில் பூஜையறைப் பஞ்சுத்திரி உதவாது. மெழுகுவர்த்தித் திரி பின்னிய நூல். எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானே சாம்பலாகும். பஞ்சுத்திரி நேராக நின்று கரி கட்டிப் புகையும். திரியின் தடிமன் டம்ளரின் அகலத்தைப் பொறுத்தது, விற்பவரிடம் விட்டத்தைச் சொல்லி வாங்கி, இரண்டு மூன்று தடிமனில் சோதித்துப் பாருங்கள். சுற்றிலும் மெழுகு உருகாமல் நடுவில் குழி விழுந்தால் திரி மெல்லிசு, சுடர் உயர்ந்து ஆடிப் புகைந்தால் தடிமன். சோயா மெழுகுக்கு ஊற்றியபின் ஒரு வாரமாவது விட்டால்தான் வாசனை அறை முழுக்கப் பரவும், பாரஃபினுக்கு இரண்டு மூன்று நாள் போதும்.

முதல் தடவை ஏற்றும்போது மேல்பரப்பு ஓரம் வரை உருகும் மட்டும் எரிய விடுங்கள், இல்லையென்றால் அடுத்த தடவையும் அந்தக் குழிக்குள்ளேயேதான் எரியும். ஒவ்வொரு முறையும் திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர்க்கீழே வைத்தால் ஒரு பக்கமாக உருகிக் கண்ணாடியில் கரி அப்பும், மூலையில் வையுங்கள். ஜாடிக்குள் மெழுகே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஒரு எவர்சில்வர் தட்டை மேலே கவிழ்த்து, ஆறும் வரை தொடாமல் விட்டுவிடுங்கள்.