எடை குறைந்த கிராங்க் புல்லி பூட்டுமுன்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடை குறைந்த அலுமினியக் கிராங்க் புல்லியை (எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் இருந்து பெல்ட்டைச் சுழற்றும் சக்கரம்) வாங்கி வீட்டிலேயே பூட்ட எண்ணுபவர்கள், முதலில் பழைய புல்லியின் விளிம்புக்கும் நடுப்பகுதிக்கும் இடையே கறுப்பு இறப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அது கிராங்க் தண்டின் முறுக்கதிர்வை உள்வாங்கும் டாம்பர். அதை அகற்றி வெறும் அலுமினியத்தைப் பூட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வளையம் இல்லையெனில், பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டுகளின்மேல் காரை நிறுத்தி, பெல்ட்டை எடுத்த பின்னரே நடு போல்ட்டைத் தளர்த்துங்கள். புதிய புல்லியின் பள்ளத்தில் தண்டின் கீ (புல்லி தண்டில் வழுகாமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) சரியாக அமர்ந்ததை விரலால் தடவி உறுதிசெய்துகொண்டு, அந்த எஞ்சினின் கைநூல் கூறும் அளவுக்கு முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டொர்க் ரென்ச்சினால் நடு போல்ட்டை முறுக்க வேண்டும். இம்பெக்ட் கன்னால் குத்துமதிப்பாக இறுக்குவது தவறு.