மார்க் போடும் முன் கட்டிலருகே நின்று பாருங்கள்

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு பிராக்டிகல் தேர்வுகளில் தேர்வாளராகப் பலமுறை உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாம் செய்யும் பெரிய தவறு, மாணவர் நோயாளியிடம் என்ன செய்கிறார் என்று பார்க்காமலேயே மார்க் போடுவது. லாங் கேஸ் என்று ஒரு நோயாளியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம், முக்கால் மணி நேரம் கழித்து வந்து அவர் ஒப்பிப்பதைக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

ஒருமுறை ஒரு மாணவர், "மண்ணீரல் நான்கு சென்டிமீட்டர் தட்டுப்படுது சார்" என்றார். பதில் சரி. "எங்கே, மறுபடி செய்து காட்டுப்பா" என்றேன். நேராக இடது விலாவுக்கு அடியில் கையை வைத்து அழுத்தினார். வலது அடிவயிற்றில் தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும், இல்லையென்றால் ரொம்பப் பெரிதாக வீங்கிய மண்ணீரலின் விளிம்பு கைக்கு அகப்படாமலே போய்விடும். நோயாளியான அந்த அம்மா வலியில் முகம் சுளித்ததையும் அவர் கவனிக்கவில்லை. கண் முழுக்க வயிற்றில்தான் இருந்தது. அப்புறம் அளவு எப்படித் தெரிந்தது? மூன்று நாளாகத் தேர்வுக்குப் படுத்திருந்த அந்த அம்மாவே சொன்னாராம். நான் நின்று பார்க்காமல் இருந்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

ஒரே ஒரு கேஸை வைத்து ஒருவரை எடைபோடுவதும் தவறுதான். ஒருவருக்குத் தெளிவான பக்கவாத நோயாளி வாய்க்கிறார், அடுத்தவருக்குக் கேட்ட கேள்விக்கெல்லாம் மாற்றி மாற்றிப் பதில் சொல்லும் தாத்தா. இந்த அதிர்ஷ்டக் கணக்கைக் குறைக்கத்தான் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவரோடு இருந்தவர்களும் 1975-இல் ஓஸ்கி (OSCE) என்ற தேர்வு முறையை எழுதி வெளியிட்டார்கள்: பல நிலையங்கள், எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே மார்க் தாள். நல்ல முறை, ஆனால் அதையும் நாம் கெடுத்துவிடுகிறோம். "கை கழுவுகிறேன் சார்" என்று வாயால் சொன்னாலே டிக் போட்டால், மாணவர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வார்களே தவிர கையைக் கழுவ மாட்டார்கள். டிக் பட்டியலோடு, 'இவரிடம் என் அம்மாவைக் காட்டுவேனா' என்ற மொத்த மதிப்பீடும் ஒரு வரியாவது வேண்டும்.

மாணவர் செய்து காட்டியதைப் பதியும் லாக் புக் விஷயம் இன்னும் வருத்தம். 2019-இல் திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்த பிறகு, எந்தத் திறனை எப்போது செய்து காட்டினார் என்று பதிய வேண்டும். ஒரு பிரிவில் பயிற்சி பெறும் போஸ்டிங்கின் கடைசி நாளில் மொத்தமாக முப்பது கையெழுத்துப் போட்டால் அதில் ஒன்றைக்கூட நம்ப முடியாது. அன்றன்றைக்கு, பார்த்ததற்கு மட்டும் போடுங்கள்.

தேர்வு நடுவே பாடம் எடுக்காதீர்கள், பதற்றத்தில் ஒன்றும் ஏறாது. ஆனால் முடிந்ததும் சொல்லாமல் விடாதீர்கள். அந்த மாணவரை, மார்க் தாள் உறையில் ஒட்டப்பட்ட பிறகு, அதே கட்டிலுக்குக் கூட்டிப்போனேன். இந்த முறை கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, வலது பக்கத்திலிருந்து தொடங்கினார்.