எஷினென் ஏரியைச் சுற்றி நடக்க: ஹொய்பெர்க் பாதை

சுவிட்சர்லாந்தின் காண்டர்ஷ்டெக் ஊருக்கு மேலே, 1,578 மீட்டர் உயரத்தில் இருக்கிறது எஷினென் ஏரி. கேபிள் காரில் ஏறி வருபவர்களில் பலர் நேராகக் கரைக்கு இறங்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மேலே ஹொய்பெர்க் வழியாகப் போனால்தான் ஏரியின் முழு நீலமும் காலடியில் தெரியும்.

மேல் நிலையத்திலிருந்து முதலில் ஹொய்பெர்க், பிறகு ஓபர்பேர்க்லி, உன்டர்பேர்க்லி என்ற மலை மேய்ச்சல் நிலங்கள், கடைசியில் கரை. சுமார் 8 கி.மீ.; நிற்காமல் நடந்தால் மூன்று, மூன்றரை மணி நேரம். மஞ்சள் கைகாட்டியில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. படம் எடுப்பதற்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாறையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் அது மலைப்பாதை. பிடிப்புள்ள பூட்ஸ் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள், அது மலையேற்றம் பழகியவர்களுக்கு.

ஆள் சறுக்குவது ஏற்றத்தில் அல்ல, ஓபர்பேர்க்லிக்குக் கீழேதான். ஏரி வரை 400 மீட்டர் இறக்கம். கல்படிகள் ஈரமாக இருந்தால் வழுக்கும், முழங்காலும் சோர்ந்திருக்கும். ஊன்றுகோலைச் சற்று நீட்டி வைத்து, அடியைக் குட்டையாக வையுங்கள். ஜூனில்கூட மேலே பனி கிடக்கலாம். பாதை திறந்திருக்கிறதா என்று நிலையத்திலேயே கேளுங்கள்.

கோடையில் இடி பெரும்பாலும் பிற்பகலில். காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். கரையிலிருந்து நிலையத்துக்கு இன்னும் 100 மீட்டர் ஏற்றம் பாக்கி இருக்கும், மறந்துவிட வேண்டாம். கடைசி வண்டி போய்விட்டால் ஊருக்கு நடைதான். மலை மீட்புக்கு 1414.