டோனி தொண்டோ: திருக்குடும்ப ஓவியத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்கலாஞ்சலோ 1505-1507 ஆண்டுகளை ஒட்டி வரைந்த திருக்குடும்ப ஓவியம் ஃபுளோரன்ஸ் நகரின் ஊஃபிட்சி அருங்காட்சியகத்தில் உள்ளது. வரையச் சொன்ன வணிகர் ஆக்னோலோ டோனியின் பெயரால் ‘டோனி தொண்டோ’ (தொண்டோ என்றால் வட்ட ஓவியம்) என வழங்கும் இந்த வட்டப் பலகையின் விட்டம் சுமார் 120 செ.மீ. மரியாள், அவருடைய கணவர் சூசையப்பர், குழந்தை இயேசு மூவரும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், இதை இனிய வீட்டுக் காட்சியாக மட்டும் கொள்வதே பலர் செய்யும் முதல் தவறு.

டோனி 1504இல் மத்தலேனா ஸ்த்ரோத்சியை மணந்தவர் என்பதை அறிந்ததும் மரியாளின் முகத்தில் மணமகளின் சாயலைத் தேடுவது வீண் வேலை. அத்தம்பதியின் உருவப்படங்களை ரஃபேல் தனியே வரைந்திருக்கிறார். குடும்பத்தின் தடயம் முகத்தில் அல்ல, மரச்சட்டத்தில் இருக்கிறது: கிறிஸ்துவின் தலை முதலிய செதுக்கல்களுக்கு நடுவே ஸ்த்ரோத்சி குலச் சின்னமான பிறைநிலாக்கள் தெரிகின்றன. சட்டத்தை வெட்டிவிட்டு அச்சிடும் பதிப்புகளை நம்புவோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

சூசையப்பரைக் குழந்தையின் தாத்தா என எண்ணுவதும் உண்டு. அவரை முதியவராகக் காட்டும் வழக்கம் விவிலியத்தில் இடம்பெறாத பழைய நூல்களிலிருந்து வந்தது. அவர் மரியாளின் காவலரே என்பதை அந்த முதுமை வலியுறுத்துகிறது.

மிகுதியாக இடறுவது பின்னணியில்தான். தாழ்ந்த சுவருக்கு அப்பால் நிற்கும் நிர்வாண இளைஞர்களை வெறும் உடற்கூற்றுப் பயிற்சி என ஒதுக்குவதும், ‘இவர்கள் புறச்சமயத்தார்’ என்று ஒரே சொல்லில் முடிப்பதும் சம அளவில் அவசரமானவை. மோசே வழியாக இறைவன் தந்த சட்டத்துக்கு முந்தைய மனிதகுலம் என்றும், திருமுழுக்குக்காக (ஞானஸ்நானம்) ஆடை களைந்தவர்கள் என்றும் அறிஞர்கள் வெவ்வேறாக விளக்கியிருக்கிறார்கள். இரண்டாவது விளக்கத்துக்கு ஓவியத்துக்குள்ளேயே ஒரு துணை உண்டு: இளைஞர்களுக்கும் திருக்குடும்பத்துக்கும் இடையே, சுவரோரம் நின்று இயேசுவை நோக்கும் சிறுவன், பிற்காலத்தில் திருமுழுக்கு அளிக்கவிருக்கும் யோவான், ஃபுளோரன்ஸின் காவல் புனிதரும் அவரே. இவரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைபோல் கடந்துவிட்டால் முன்னணிக்கும் பின்னணிக்கும் உள்ள பாலமே அறுந்துவிடும். என் கணிப்பில் திருமுழுக்கு விளக்கமே வலுவானது. ஆனாலும் அதை முடிந்த முடிபாகச் சொல்ல இடமில்லை.

குழந்தையை யார் யாரிடம் கொடுக்கிறார் என்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. மரியாள் சூசையப்பரிடம் தருகிறார் என்று 16ஆம் நூற்றாண்டில் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி எழுதினார். பின்னால் நீளும் மரியாளின் கைகளைப் பார்த்தால், அவர் வாங்குவதாகவும் கொள்ளலாம்.