மயக்கம் தெளியட்டும், அவசரப்படுத்தாதீர்கள்

போன வருடம் சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுவந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பாம்பனிலிருந்து ஃபிளாஸ்க்கில் எடுத்து வந்த சுக்குக் காப்பியைச் சித்தி ஸ்பூனில் ஊற்றி அவர் உதட்டருகே கொண்டுபோய்விட்டார். "ரெண்டு வாய் குடிச்சா தெளிஞ்சிடும்." நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்தார். கண் திறந்திருந்தாலும் விழுங்கும் உணர்வு முழுதாகத் திரும்பியிருக்காது, அந்த இரண்டு வாய் நுரையீரலுக்குள் போய்விடலாம். நர்ஸ் சொல்லும்வரை தண்ணீர்கூட வேண்டாம்.

எங்கள் கடற்கரைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் இன்னொரு பேச்சு, "தெளிய வைக்கிற ஊசி போடச் சொல்லுங்க." அந்த ஊசி உண்டு. ஆனால் அது மூளையை எழுப்புவதில்லை. ஆபரேஷனுக்காகத் தளர்த்திய தசைகளுக்கு வலுவைத் திருப்பித் தரத்தான் நியோஸ்டிக்மினும் சுகமாடெக்ஸும். அதையும் மயக்க மருந்து டாக்டர் தியேட்டரிலேயே, தேவை பார்த்துப் போட்டுவிடுவார். தூக்கம் கலைவது வேறு கணக்கு. மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்தான செவோஃப்ளூரேன் மூச்சோடு வெளியேற வேண்டும், ஊசியில் போடும் மயக்க மருந்தான புரோபோஃபால் ரத்தத்தில் குறைய வேண்டும். கவனக்குறைபாட்டுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தைக் கொடுத்து, மயக்கத்திலிருந்த எலிகளைச் சீக்கிரம் எழுப்பிய ஆய்வு 2011-இல் வந்தது. மனிதர்களுக்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. வலிக்குப் போடும் மார்ஃபினின் வேகத்தை முறிக்க நாலாக்ஸோன் என்ற மருந்து இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் அடங்கியிருந்த வலியும் திரும்பும். நாலாக்ஸோனின் வேலை மார்ஃபினுக்கு முன்பே முடிந்துவிடுவதால் மூச்சு மறுபடி குறையவும் கூடும். மருந்து இருக்கும்போதும் டாக்டர்கள் பொறுத்துப் பார்ப்பது இதனால்தான்.

பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்குச் சுகமாடெக்ஸ் போட்டிருந்தால், அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பும் வேண்டும். இதை யாரும் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

மறைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. தூக்க மாத்திரை, மனநல மாத்திரை, தினமும் குடிக்கும் பழக்கம், காலையில் தெரியாமல் சாப்பிட்ட இரண்டு இட்லி, எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள், போதும்.

அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், 'நல்லாத்தானே இருக்கேன்' என்று மறுநாள் விடியற்காலை வல்லத்தில் ஏறிவிடுகிறார்கள். குறைந்தது 24 மணி நேரம் கடலுக்குப் போகக் கூடாது, பைக்கும் ஓட்டக் கூடாது. மதுவோ, டாக்டர் எழுதாத தூக்க மாத்திரையோ தொடவே கூடாது. வலை இழுப்பது, பாரம் தூக்குவது எல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான்.

அப்புறம், முதல் ராத்திரி ஒருவர் பக்கத்திலேயே படுங்கள். புதிதாகக் கனத்த குறட்டை விட்டால் 'அசந்து தூங்குறாரு' என்று விட்டுவிடாதீர்கள், மூச்சுப்பாதை அடைபடுவதாகவும் இருக்கலாம். தட்டி எழுப்பிப் பாருங்கள். எழவில்லை, உதடு நீலமாகிறது, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.